மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "நிலத்துக்கடியில் அதிர்வலைகளை உண்டாக்குகிறேன்" என்று சொல்வது என் வழக்கம். சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலானவர்கள் அரை அடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள். அந்த அரை அடி மரியாதைக்காகத்தான் இத்தனை வருடமாக இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். உள்ளபடி சொன்னால், நான் செய்வது ஒரு சுத்தியலைக் கயிற்றில் கட்டி, ஆழ்துளைக்குள் இறக்கி ஆட்டுவது.

கல்யாணப் பேச்சின்போது என் சித்தப்பா இதையே, "பையன் பூகம்பத்துல இருக்கான்" என்று சொல்லிவைத்தார். மாமனார் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் பக்தி தெரிந்தது. கல்யாணம் முடிந்து ஒருநாள் வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். மண் அப்பிய கால்சட்டையோடு குழி வாயில் குந்திக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கண்குளிரப் பார்த்தார். "உள்ள வாளி விழுந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை என் தொழிலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

தொழில் இதுதான். பெரிய கட்டடம் எழுப்புமுன் அடியில் இருக்கும் மண் கெட்டியா, கொழகொழவா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகச் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டுப் பால் ஊற்றி இறுக்குவார்கள். ஒன்றில் என் சுத்தியல் இறங்கும். மற்றதில் அதிர்வைக் கேட்கும் கருவி இறங்கும். அதை நாங்கள் காது என்போம். சுத்தியலுக்கு இடுப்பில் ஒரு ரப்பர் பை உண்டு. மேலேயிருந்து பம்பால் காற்றடித்தால் பை உப்பிக் குழாய்ச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலுக்கு இரண்டு கயிறு. தடித்தது தூக்குவதற்கு, மெல்லியது அடிப்பதற்கு. மெல்லிய கயிற்றைச் சுண்டி இழுத்தால் உள்ளே இருக்கும் எடைக்கட்டி மேல்நோக்கி மோதும்; தூக்கி விட்டால் கீழ்நோக்கி மோதும்.

மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி. அலை மண்ணைக் கடந்து காதைத் தொட்டதும் கணினித் திரையில் கோடு துள்ளும். மேல் அடிக்கு ஒரு பக்கம் துள்ளினால், கீழ் அடிக்கு நேர் எதிர்ப்பக்கம் துள்ளும். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கே பிரிகின்றனவோ, அதுதான் அலை வந்து சேர்ந்த நேரம். சுருக்க வந்தால் கெட்டி மண். சாவகாசமாக வந்தால் குழைந்த மண். ஒரு அடியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. பிறகு காற்றை இறக்கி, சுத்தியலை ஒரு மீட்டர் மேலே தூக்கி, மறுபடி காற்று, மறுபடி அடி. இதில் மறக்கவே கூடாத விதி, காற்றை இறக்காமல் தடித்த கயிற்றை இழுக்காதே என்பது. இதை எத்தனையோ பேருக்கு விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். விரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது போல.

என் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் தம்பிக்குத் தரைக்கல் கடை. வீட்டில் அவனுக்குப் பெயரே டைல்ஸ்தான். ஆள் கதவை அடைத்து நிற்பான், மனசு பஞ்சு. கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி, தலைக்கு நேரே ஒரு மின்விசிறி என்று இரண்டு வருடமாக ஒதுக்கிவைத்திருந்தான். நான் ஒருமுறை காதை ஒரு குழிக்குள் தொலைத்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை பம்பின் மேல் லாரி ஏறியது. அத்தோடு மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை எதையாவது குழியில விட்டுட்டு வெறுங்கையோட வந்தீங்க, அடுத்த திங்கக்கிழமை கடையில உக்காருறீங்க. அவ்ளோதான்."

"அறிவியல்ல இழப்பு சகஜம்மா."

"வீட்டுல இல்ல."

சுத்தியல் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அது போனால் இன்னொன்று வாங்கும் திராணி எனக்கு இல்லை. ஆக, சுத்தியல் இருக்கும்வரை நான் பூகம்பத்தில் இருப்பேன்; சுத்தியல் போனால் குளியலறைத் தரைக்கல்லில் வழுக்காத ரகம் எது என்று வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஒரு மருத்துவமனை கட்டப்போகிற மனையில் வேலை. மறுநாள் காலை குழாய் வாய்களை வெட்டிவிட்டு மேலே கான்கிரீட் கொட்டப்போகிறார்கள். கட்டட நிறுவனத்தின் பெண் என்ஜினியர் ஒருவர், குடை பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே நின்றார். எதைச் செய்தாலும் "ஏன்?" என்பார். மனசுக்குள் அவருக்குக் கேள்வி மேடம் என்று பெயர் வைத்திருந்தேன். ஆழத்திலிருந்து ஒவ்வொரு மீட்டராக ஏறி, பன்னிரண்டாவது மீட்டரில் அடித்து முடித்தபோது போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"குழியிலதான்."

"நானும் தம்பியும் அங்க வர்றோம். அவன் அந்தப் பக்கம் சரக்கு இறக்கணுமாம். அப்படியே நீங்க வேலை பாக்குற லட்சணத்தையும் பாத்துடலாம்னு."

"தாராளமா வாங்க! இங்க எல்லாம் கனகச்சிதமா போயிட்டிருக்கு" என்றேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கனகச்சிதமாக, தடித்த கயிற்றை இரண்டு கையாலும் வலித்து இழுத்தேன்.

காற்றை இறக்கவில்லை.

கை உணர்ந்ததை மூளை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரைப் பிடித்திருந்த ரப்பர் அங்கேயே நிற்க, சுத்தியல் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி, பை கீழே சுருண்டு மடிந்துவிட்டது. இப்போது பம்பில் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகைத் திறந்தால் ஒரு முனகல் வந்தது, காற்று வரவில்லை. மடிப்பு காற்றுக் குழாயின் வாயை அடைத்துவிட்டது. இன்னும் இழுத்தால் கயிறு அறும். அப்படியே விட்டால் நாளைக் காலை கான்கிரீட். மருத்துவமனையில் முதல் உள்நோயாளி என் சுத்தியல்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் முகத்தை மட்டும் ஒரு விஞ்ஞானியின் முகமாக வைத்துக்கொண்டேன். மேலே ஏறிய சுத்தியலைக் கீழே தட்டினால் மடிப்பு விலகும் என்று கணக்குப் போட்டு, மெல்லிய கயிற்றைத் தூக்கித் தூக்கி விட்டேன். டொக். டொக். டொக்.

"ஏன் சார் கீழயே அடிச்சிட்டிருக்கீங்க?" என்றார் கேள்வி மேடம்.

"ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பதிவு பண்ணிச் சேர்த்தா கோடு சுத்தமா வரும் மேடம்."

அது உண்மையும்கூட. எங்கள் தொழிலில் பொய் சொல்லவே தேவையிருக்காது. உண்மையை இடம் மாற்றிச் சொன்னால் போதும்.

"அப்ப மேல் அடி?"

"அதுக்கும் நேரம் வரும்."

மேல் அடி அடிக்க எனக்குப் பயம். மேலே தட்டினால் மடிப்பு இன்னும் இறுகிவிடலாம். ஆகவே கீழேயே அடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அப்போது திரையில், நான் எதையும் அடிக்காதபோதே, கோடு நடுங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு அலை அலையாக. பாரமேற்றிய வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. தன் மனைவி வருவதைப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து முன்கூட்டியே தெரிந்துகொண்ட கணவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெரிந்து என்ன பயன், ஓட இடமில்லை.

டைல்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தான். "அத்தான்! பூமியைக் குலுக்கிட்டீங்களா?"

"நடந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

மனைவி குழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். திறந்து கிடந்த காற்றுத் திருகைப் பார்த்தாள். வீட்டில் சமையல் எரிவாயுக் குழாயை மாட்டுவதும் கழற்றுவதும் அவள்தான். என் பக்கத்தில் குனிந்து, என்ஜினியர் காதில் விழாதபடி கேட்டாள்.

"மாட்டிக்கிச்சா?"

"எது?"

"உங்க காது செவந்திருக்கு. பொய் சொல்லாதீங்க."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் போன் பண்ணப்பவா?"

மறுபடி ஆட்டினேன். அவள் நெடுமூச்சு விட்டாள். திங்கட்கிழமை என் கண் முன்னால் வந்து, மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டது.

"இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"கீழ அடிச்சேன்."

"மேல?"

"பயமா இருக்கு."

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவீங்களே. இப்ப மட்டும் என்ன ஓரவஞ்சனை?" என்றவள், சட்டென்று நிமிர்ந்து குரலை உயர்த்தினாள். "டேய் தம்பி, ரொம்ப நாளா ஆசைப்பட்டியே, வா. அத்தான் உனக்கு அடிக்கச் சொல்லித் தர்றாராம்."

"நிஜமாவா அத்தான்?" என்று ஓடிவந்து கயிற்றை வாங்கினான். சரக்குப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய கை.

"மெதுவா..." என்றேன். "மெதுவா" என்றால் என்ன என்று அந்தக் கைக்குத் தெரியாது. மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினான் பாருங்கள், என் உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. உடனே எடையைக் கீழே விட்டான். மறுபடி மேலே. மறுபடி கீழே. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

புஸ்ஸ்ஸ்.

காற்றுத் திருகின் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு ஈடாக என் வாழ்நாளில் ஒரு சங்கீதமும் கேட்டதில்லை. தடித்த கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். சுத்தியல் அசைந்தது. ஒன்றும் நடக்காதவன் போல மேலே தூக்க ஆரம்பித்தேன்.

"சார், இங்க பாருங்க!" என்று கேள்வி மேடம் திரையைக் காட்டினார். இரண்டு கோடுகளும் கத்திரிக்கோல் திறந்த மாதிரி ஒரே இடத்தில் சுத்தமாகப் பிரிந்திருந்தன. மாட்டிக்கொண்ட சுத்தியலைவிட இறுக்கமாகச் சுவரைப் பிடிக்கும் சுத்தியல் ஏது? "இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல. இது ஏதாவது தனி முறையா?"

"அனுபவம் மேடம்" என்றேன். மனைவி இருமினாள்.

சுத்தியல் வெளியே வந்தது. வெறுங்கையோடு வரவில்லை, ஆகவே ஒப்பந்தப்படி நான் பிழைத்தேன் என்று எண்ணியிருந்தேன். திரும்பி வரும்போது வண்டியில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

"நீ ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"ஒரு நாள் முழுக்க உங்களைக் கடையில பேசவிட்டா எவனாவது டைல்ஸ் வாங்குவானா? என் தம்பி பொழைக்க வேணாம்?"

தம்பி எதையும் காதில் வாங்கவில்லை. மனசு வேறு எங்கோ இருந்தது. "அக்கா, கடைக்கு வர்றவன் கல்லைத் தடவிப் பாக்குறான், வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு போறான், திரும்பி வர்றதே இல்ல. இங்க பாரு, ஒரு அடி அடிச்சா பூமி உடனே பதில் சொல்லுது!" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அத்தான், திங்கக்கிழமை அடுத்த சைட்டுக்கு நானும் வரட்டுமா?"

"கடை?" என்றேன்.

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து திங்கள்தோறும் அவன் பூகம்பத்தில் இருக்கிறான். நான் நாற்காலியில் இருக்கிறேன். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது. வருகிறவர்களிடம் தரைக்கல்லைச் சுண்டிக் காட்டி, அதற்கடியில் மண் எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று விளக்குகிறேன். வீட்டில் கேட்டுட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் போகிறார்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை கடைப் போன் அடித்தது.

"அத்தான்... காத்து இறங்க மாட்டேங்குது."

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "போன் பேசிக்கிட்டே கயித்தை இழுத்தியா?"

"ஆமா அத்தான்."

"யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்த?"

"அக்காதான் கூப்பிட்டா. எல்லாம் கனகச்சிதமா போகுதுன்னு சொல்லிட்டிருந்தேன். இங்க வந்துக்கிட்டு இருக்காளாம். இப்ப என்ன பண்றது அத்தான்?"

"மேல ஒரு அடி, கீழ ஒரு அடின்னு மாத்தி மாத்தி அடி."

"எவ்ளோ நேரம்?"

"உங்க அக்கா வந்து சேர்ற வரைக்கும்."