மேடையில் காட்டாத கால்

ஜஹீதாவுக்கு வாய் நீளம் என்று திருவல்லிக்கேணியில் அவள் சந்தே சொல்லும். நீளம்தான். அந்த வாயும் இல்லாவிட்டால் அவளை எப்போதோ ஏறி மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் பஸ் ஏறி அவள் இடது கால் போனது. மயிலாப்பூர் சேவைச் சங்கம் ஒன்று செயற்கைக் கால் கொடுத்தது. சும்மா கொடுத்துவிடுவார்களா? சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கால் வாங்கியவர் மேடையில் நின்று, துணியை முட்டிவரை தூக்கிக் காட்ட வேண்டும். கொடுத்தவர்கள் சுற்றி நின்று போட்டோவுக்குச் சிரிப்பார்கள். ஜஹீதாவும் பாவாடையைத் தூக்கினாள். அந்தப் படம் சங்கக் கூடத்துச் சுவரில் ஏறியது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

பிறகு சங்கத்தின் அடையாறு பட்டறையிலேயே கால் செய்யக் கற்று, வேலைக்கும் சேர்ந்தாள். இந்த வருஷம் சங்கம் தான்சானியாவில் முகாம் போடுகிறது. கால் பொருத்தப் போகிற குழுவில் அவளும் ஒருத்தி. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று சந்துக்கே பிரியாணி போட்டாள்.

வழியனுப்பு விழாவில் தலைவர் ஸ்ரீனிவாசராகவன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சேவைக்கு ஜஹீதாவே சாட்சி. எங்கேம்மா, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காமி. அங்கேயும் எல்லாரையும் இப்படித்தான் நிக்க வெச்சுப் படம் எடுக்கணும்."

"தூக்க மாட்டேன் சார்," என்றாள் ஜஹீதா. "அங்கயும் யாரையும் தூக்க வுட மாட்டேன்."

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"கால் தெரியலேன்னா, நாம குடுத்தது யாருக்கும்மா தெரியும்?"

"நடக்கிறவளுக்குத் தெரியும்."

"அப்போ நீ வர வேண்டாம். வேற ஆளை அழைச்சுண்டு போறேன்."

அவள் எத்தனை ஆசையாகக் காத்திருந்த பயணம்! ஆனால் சுவரில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே ஒரு சிறுமி, அவளை என்ன செய்வது? போனால் போகட்டும்.

"போன வருஷம் உங்களுக்கு முட்டி மாத்துனாங்களே சார். துட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிதானே குடுத்துச்சு? அவங்க உங்கள மேடையேத்தி, வேட்டியத் தூக்கிக் காட்டச் சொன்னாங்களா?"

முதல் வரிசையில் 'களுக்' என்று ஒரு சிரிப்பு. தலைவரின் மனைவி விசாலாக்ஷிதான்! பிறகு கூடமே கொல்லென்று சிரித்தது.

"அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்று விசாலாக்ஷி எழுந்தாள். "ஆத்துல பேரன் அந்த முட்டியைப் பாக்க வந்தாலே விரட்டறேள். ஜஹீதா போகட்டும். யாரும் எதையும் தூக்க வேண்டாம்."

கூடம் கைதட்டிவிட்டது. தலைவர் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

முகாம் முடிந்து வந்த படத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பூப்போட்ட துணிகள் கணுக்கால்வரை தழைந்திருந்தன. எது பிறந்த கால், எது பொருத்திய கால் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஜஹீதா அதற்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறித் தன் பழைய படத்தைக் கழற்றினாள்.

"ஏம்மா, அது சங்கத்துப் படம்!" என்று பதறினார் தலைவர்.

"அதுல கீறது என் காலு சார்," என்றாள் ஜஹீதா. புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினாள்.