திரைக்குப் பின்னால் அமர்ந்தவள்

எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது ஒரு படத்தால். அறுபத்தைந்து, எல்லையில் சண்டை வரும் வரும் என்றிருந்த வருஷம். ஊரும் பணத்தில் பங்கு போட்டால்தான் ரேடியோ என்று சர்க்காரில் சொல்லிவிட்டார்கள். டிக்கெட் விற்று அதைச் சேர்க்க, டூரிங் டாக்கீஸ்காரரைப் பிடித்து, ராஜகிரி மலை அடிவாரத்தில் கடலை பிடுங்கிய கொல்லையில் திரை கட்டினோம். மாட்டு வண்டியை ஓட்டி வந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். யோசனை என்னுடையது. எனக்கு இருபத்திரண்டு வயது, நைனாவுக்குக் கடைத்தெருவில் கடலை மண்டி. கொழுப்புக்குக் கேட்கவா வேண்டும்!

டிக்கெட் விற்கச் சேரிக்குள் போக எங்களில் ஒருவனுக்கும் மனம் வரவில்லை. எங்கள் மண்டியில் கடலை புடைக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டேன். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான்.

"ரேடியோவுக்கு ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். ஒண்ணு உங்க தெருவைப் பாத்து" என்றேன்.

"மெய்யாலுமா சாமி? எம் புள்ள சேதி வூட்டு வாசலுக்கே வந்துருமா?"

"பின்ன?"

ஒரு வீடு விடாமல் விற்றுவிட்டாள்.

அன்று வல்லம், அவலூர்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. சேரி ஜனங்களுக்கும் அதே டிக்கெட்தான். ஆனால் அவர்களைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். முன்னால் இடம் இல்லாமல் இல்லை. மறுநாள் மண்டியில் அவள் சொன்னாள்: "படம் ஷோக்கா இருந்துது சாமி. ஆனா இன்னா, அல்லாரும் பீச்சாங்கையால சோறு துன்றாங்க!" நானும் என் கூட்டாளிகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. ரேடியோ வந்ததும் இரண்டு குழாயையும் கடைத்தெருவைப் பார்த்துக் கட்டினோம். அதற்குள் சண்டை மூண்டுவிட்டது. ரேடியோ ரூம் சாவி என்னிடம். அந்த ரூம் இருந்த பஞ்சாயத்துப் பார்க்குக்குள் அவள் வரக் கூடாது. வேலை முடிந்து வந்து வேலிக்கு வெளியே நிற்பாள். செய்தி வாசிப்பவரின் தமிழ் அவளுக்குப் புரியாது. ஒவ்வொரு சிப்பாயின் சேதியையும் பேர் சொல்லிப் படிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ளயப் பத்தி எதுனா சொன்னாங்களா சாமி?"

தினமும் இதே கேள்வி. ஒருநாள் கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். எனக்கும் எரிச்சல்.

"சொன்னாங்க. உம் மவன் சொகமா இருக்கானாம். அமாவாசைக்கு வரானாம்."

கூட்டாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவள் குழாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அமாவாசையன்று பஸ் ஸ்டாண்டில், மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களின் நெரிசலில் அவள் காலையிலிருந்து நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களின் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். நான் மண்டியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொழுது சாய்ந்ததும், "லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் தந்தி வந்தது. மண்டி வாசலில் வைத்துத் தபால்காரர் படித்துச் சொன்னார். மகன் சண்டையில் செத்துப்போயிருந்தான்.

அவள் அழவில்லை. "இது வேற யாருக்கோ வந்தது சாமி. எம் புள்ள சொகமா இருக்கான்னு ரேடியோவுலயே சொன்னாங்க. நாங்கல்லாம் டிக்கெட் எடுத்து வாங்குன ரேடியோ, பொய் சொல்லுமா? தோ, சின்ன மொதலாளியே கேட்டாரு. கேளுங்க."

தபால்காரர் என்னைப் பார்த்தார். நைனா பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீ, என்ன ஜென்மம் நான்!

"ஆமா, சொன்னாங்க" என்றேன்.

அவள் தந்தியைத் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்தாள். அடுத்த அமாவாசைக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும் என்று என்னிடம் லீவு கேட்டாள். கொடுத்தேன்.