ஓர் இன்ஜினுக்குப் பதினெட்டு ஆட்கள்

போன வியாழக்கிழமை பகலில், சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து நடந்தே திரும்பிய ஒருவர் நம் தோட்டத்து ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார். சட்டை இல்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்ஜினியர் சடையப்பன் வீடு எது?" என்றார். யார் என்று விசாரித்தேன். "நான் அவரு பக்கத்துலதான் படுத்திருந்தேன். காய்ச்சல்ல போயிட்டாரு. பம்பு மிசினுக்குப் பக்கத்துலயே பொதைச்சோம்" என்றார்.

நம் சடையப்பன் அண்ணன் இன்ஜினியர் அல்ல என்பது தோட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரன் காதில் விழாமல் காப்பாற்றிய ரகசியம். அவன் போய்விட்டதால் இனி உரக்கவே சொல்லலாம். ரப்பர் ஆலை இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது அவர் வேலை. அவருக்கு இன்ஜினியர் பட்டம் கொடுத்த சர்வகலாசாலை, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகிய அடியேன்.

வெள்ளைக்காரர்கள் ஓடிய வாரத்தில், சுங்கை லாலாங்கிலிருந்து லூனாஸ் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ஓர் இன்ஜினியர் அகப்பட்டிருக்க மாட்டார். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு நாம் வரிசையில் நின்றபோது ஜப்பான் அதிகாரி வந்தான். ஆலையில் பட்டாளத்துக்கு நெல் அரைக்க வேண்டும், இன்ஜினை ஓட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "இதோ நிற்கிறாரே, ஆசியாவிலேயே பெரிய இன்ஜினியர். வெள்ளைக்காரனே இவரிடம்தான் யோசனை கேட்பான்" என்று கையைக் காட்டிவிட்டேன்.

"கிராணியாரே, ஒங்க வாய்க்கு என் தலையா கெடச்சுது?" என்றார் சடையப்பன் அண்ணன் பிறகு.

"இன்ஜின் ஓடுமா, ஓடாதா? அதச் சொல்லுங்கண்ணே."

"ஓடும்லா. வெள்ளைக்காரன் மட்டும் என்னத்த ஓட்டுனான்? பத்து வருசமா சுருட்டுக் குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தான். மிசினச் செய்யத் தெரிஞ்சவனுக்கு, ஓட்டுற ஆளச் செய்யத் தெரியல."

நவீன யந்திரங்களைப் பற்றி அவருக்கு இப்படி ஆயிரம் அபிப்பிராயங்கள் உண்டு. பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய லாரியைப் பார்த்து, "அடுப்புக்குச் சக்கரம் மாட்டி வுட்டிருக்கான்" என்றார். டீசல் தீர்ந்து, ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை நம் இன்ஜினுக்கு ஊற்றியபோது, அது இருமிய இருமலில் பீடோங் கோழிகள் ஒரு மாதம் முட்டையிடவில்லை. அவரோ அதன் மூடியைத் தட்டிக்கொடுத்து, "நமக்கு மரவள்ளிக் கெழங்கு, ஒனக்கு இது. சகிச்சிக்க" என்றார்.

பிறகு சயாம் ரயிலுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். ஆலைக்குத் தேவையான ஆட்களை மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். இன்ஜினுக்கு எத்தனை ஆள் என்று அதிகாரி கேட்டான். உண்மையில் இரண்டு பேர் போதும்.

"நான் போக, பதினெட்டு ஆள் வேணும்" என்றார் சடையப்பன் அண்ணன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பொய்யில் கரைகண்ட எனக்கே மூச்சு நின்றுவிட்டது.

மறுவாரம் அதிகாரி சோதனைக்கு வந்தான். ஒருவர் புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். இருவர் ஒரே போல்ட்டை, ஒருவர் முறுக்க ஒருவர் தளர்த்த, பக்தியோடு திருப்பிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாவது ஆள் நான். இன்ஜினில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தேன்.

"இவன் என்ன செய்கிறான்?"

"சத்தம் கேக்குறாரு. ரொம்ப முக்கியமான வேலை. இந்தக் காது கெடா சீமையிலயே ஒண்ணுதான் இருக்கு" என்றார் அண்ணன்.

அந்த முறை நம் லயத்து வீடுகளிலிருந்து லாரி ஏறியவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. நாங்கள் பதினெட்டுப் பேர் இருந்தோம்.

போன வருஷம் வேறோர் உத்தரவு வந்தது. சயாம் ரயில் பாதையில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சமாம். பட்டியலில் உள்ள இன்ஜினியர்கள் எல்லோரும் புறப்பட வேண்டுமாம். நம் பட்டியலில் ஒரே பெயர், என் கையெழுத்தில். ஆலையை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, "பதினெட்டுப் பேர் இருக்கிறார்களே" என்றான் அதிகாரி.

"அண்ணே, நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லிடுறேன். நீங்க எண்ணெய் போடுறவருன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"சொல்லுங்க. 'எண்ணெய் போடுறவன் பேச்சக் கேட்டா பதினெட்டு ஆள வுட்டு வச்சோம்?'னு அடுத்து அதத்தான் கேப்பான். அப்புறம் பதினெட்டு பேரும் லாரி ஏறணும். வேலையப் பாருங்க கிராணியாரே."

அன்று சாயங்காலம் என் தலையைப் பிடித்து இன்ஜினோடு வைத்தார். "இவ்வளவு நாளு நடிச்சீங்க. இப்ப நெசமாவே கேளுங்க. ரெண்டு அடி அடிச்சுட்டு ஒரு பெருமூச்சு வுடும். வுடலன்னா எண்ணெய் பத்தல, ஒடனே நிறுத்திடணும்." மறுநாள் காலையில் லாரி ஏறினார். ஏறும்போதும் என்னைத் திட்டிக்கொண்டுதான் ஏறினார்.

அண்ணன் இறந்த செய்தியை நானே அவர் மனைவி மாரியாயி அக்காவிடம் போய்ச் சொன்னேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவர இன்ஜினியர்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"அந்தப் பதினெட்டு பேரும் இருக்காங்களா?"

"இருக்கோம்."

எழுந்து போய், பரணிலிருந்து அவருடைய எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து கொடுத்தார். "மூக்கு அடைச்சிருக்கும். கம்பி வுட்டுக் குத்திக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பினாங்கிலிருந்து புது இன்ஜினியர் வருவாராம்; எங்கும் ஆள் இல்லை, பொறுத்திருங்கள் என்று கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறது. பொறுத்திருக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று கம்பெனி கேட்கவில்லை. அதுவரை இன்ஜின் என் பொறுப்பு. சடையப்பன் அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. மூக்கு அடைத்த அந்தக் குப்பி ஒன்று. அவர் பொய்யாகக் கொடுத்துப் பிறகு மெய்யாக்கிய இந்தக் காது மற்றொன்று.

இன்று காலை இன்ஜின் பெருமூச்சு விடவில்லை. நிறுத்திவிட்டு, எண்ணெய் போட்டேன்.