கணுவில் மாட்டிய கத்தி

என் பிறந்த வீடு தாராவி, என் கணவருக்கு மாட்டுங்கா. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய மனிதர். வீட்டில் ஒரு தேங்காய்கூட உடைத்ததில்லை. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு மாதம் வீடியோவாகப் பார்த்தார். கனத்த கத்தி ஒன்று வாங்கினார். மழைக்காலம் முடிந்ததும் அம்பர்நாத் தாண்டி ஒரு காட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை டீ போட வேண்டும். கூடாரம் போட இடம் வாடகைக்கு விட்டவர் தந்த விறகெல்லாம் என் கை தடிமன். சின்னதாகப் பிளந்தால்தான் பற்றும் என்று நான் சொன்னதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கட்டையை நிக்க வெச்சு, தலையில கத்தியை வெக்கணும். கத்தி முதுகுல இன்னொரு கட்டையால தட்டணும். அவ்வளவுதான்."

"கோடாரின்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கோடாரியால யார் வேணா பிளப்பா!"

மேனேஜர் அறைக் கதவைத் தட்டுவதுபோல் பதவிசாகத் தட்டினார். நாலு விரல் இறங்கிய கத்தி ஒரு கணுவில் மாட்டிக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கத்தியைப் பிடித்துத் தூக்கினால் விறகும் கூடவே வந்தது.

"அப்படியே பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிருவோமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"தள்ளுங்க, நான் ஒரு போடு போடுதேன்."

"மெதுவா! கத்தி நுனியில தட்டு."

நான் முழு பலத்தோடு ஓங்கினேன். தட்டுகிற கட்டை கையிலிருந்து வழுக்கிப் பறந்து, பாயில் இருந்த பால் பாக்கெட்டின் மேல் விழுந்தது. பாயெல்லாம் பால்.

காலிப் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். "வீடியோவில இது வரலையே," என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகுதான் அவரும் சிரித்தார்.

கத்தியை ஆட்டி ஆட்டி ஒருவழியாக உருவினார். கணு இல்லாத விறகாகத் தேடி எடுத்து, இந்தத் தடவை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்துத் தட்டினார். நாலாவது தட்டில் படக்கென்று ஒரு சிராய் பிரிந்து விழுந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். என்னை மறந்து கைதட்டிவிட்டேன்.

பத்தரை மணிக்குக் கறுப்பு டீ கிடைத்தது. குடித்து முடித்த பிறகும் அவர் பிளந்துகொண்டே இருந்தார்.

"போதும்ங்க, ஊருக்கே சமைக்கவா போறோம்?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

நான் தம்ளர்களைக் கழுவப் போனேன்.