கோவளத்தில் மெட்டல் கேட்ட மதியம்

கல்யாணமாகி மதுராந்தகத்திலிருந்து கோவளத்துக்கு நான் குடிவந்தபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கட்டடத்தில்தான் கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர ஏழு மணியாகும். அதுவரை மாடிப் போர்ஷனில் நான் மட்டும்.

கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்கள் வைத்திருந்தார். வெளிநாட்டு மெட்டல் இசை, கித்தாரும் டிரம்ஸும் காட்டுக் கத்தலுமாக இடிக்கும் ரகம். புதிதாக வருவதையெல்லாம் நண்பர்களிடம் வாங்கிக் காப்பி எடுத்து, உறைமேல் கையால் பெயர் எழுதி வைப்பார்.

"அது உனக்குப் பிடிக்காது. வெறும் சத்தம்தான்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

எனக்கு எது பிடிக்காதென்று இவருக்கு அதற்குள் எப்படித் தெரியும்? ஒரு செவ்வாய்க்கிழமை சமையலுக்கு நடுவில் கைக்கு வந்த ஒன்றை எடுத்து மியூசிக் செட்டில் போட்டேன்.

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பதறிப்போய் நிறுத்தினேன். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத செட். அதே செட்டில் ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன், நன்றாகத்தான் பாடியது. அப்படியென்றால் அந்த மனிதர்கள் வேண்டுமென்றேதான் இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஒரு ஆள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகிறான், அதை இன்னொரு ஆள் கவனமாகப் பதிவு செய்கிறான், என் கணவர் அதற்கு அழகான கையெழுத்தில் பெயர் எழுதி வைக்கிறார். யாரைக் கட்டிக்கொண்டேன் என்று ஒரு கணம் பயமாகவே இருந்தது.

மறுநாள் மறுபடியும் போட்டேன். ஏனென்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒரு ஆல்பத்தில் மொத்தமே ஒரு பாட்டுதான், முக்கால் மணி நேரம். ஒரே கித்தார் சுரம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அடுத்தது வருவதற்குள் பருப்பு வெந்துவிடும். இன்னொன்றில் தாளம் எங்கே முடிகிறதென்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தோற்றேன். பதினொன்றா, பதிமூன்றா? மூன்றாவது ஒன்றில் ஒரு பெண் தாலாட்டு மாதிரி ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே துணி மடித்தேன். ஏழாவது நிமிடத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அலறினாள். கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. ஒரு பெண்ணால் அப்படி ஒரு சத்தம் போட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம், அவள் அலறும் இடம் வந்தபோது நானும் வாயைத் திறந்தேன். சும்மா அவளோடு சேர்ந்து பார்க்கலாம் என்று நினைத்ததுதான். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா, முக்காடு நழுவ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பின்னாலேயே எதிர்வீட்டு மீன்காரக்கா, கையில் துடைப்பத்தோடு.

"இன்னாமா ஆச்சு? அவன் உன்ன அடிக்கிறானா?" என்றார் மீன்காரக்கா.

"அவர் ஆபீஸ்ல இருக்காருக்கா."

"அப்ப உள்ள யாரு கீறாங்க? கத்திகினு கீதே!"

வீட்டுக்காரம்மா என் நெற்றியில் கைவைத்து ஏதோ ஓதத் தொடங்கினார். மீன்காரக்கா சிலுவை போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். நான் செட்டைக் காட்டினேன்.

"பாட்டுக்கா."

"இதுவா பாட்டு? நான் கேட்டது பொம்பள கொரலு. உன் கொரலு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர்கள் போகவேயில்லை, டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணிக்குப் படியேறி வந்த கணவரை மீன்காரக்கா வாசலிலேயே மறித்தார்.

"இன்னா நைனா, பொண்ண இன்னா பண்ணி வச்சிகீற?"

அவர் முகம் வெளிறிவிட்டது. நான் குறுக்கே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். நம்பாமல் என்னையும் செட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"எந்த ஆல்பம்?"

மீன்காரக்கா தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்காரம்மாவும் போன பிறகு, அவர் சட்டைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தார். "ஏன் கத்தினே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாள் முழுக்க நான் வாயே தொறக்கறதில்லைங்க. இங்க வந்து ரெண்டு மாசமாச்சு. நீங்க வந்ததும் சாப்பாடு, டிவி, தூக்கம். அவ கத்தினப்போ எனக்கும் சேர்த்துக் கத்தற மாதிரி இருந்துச்சு."

அவர் செட்டிலிருந்த சிடியை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இது தோணவே இல்ல" என்றார் கடைசியில். நான் அலறியதைவிட அவர் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு அதிர்ச்சி. உண்மையிலேயே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்த ஜூனில் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். ஞாயிறு மதியங்களில், புதிதாக வந்த ஆல்பங்களை இரண்டு பேரும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தோம், சத்தத்தைப் பாதியாகக் குறைத்து. அவர் உயிரையே வைத்திருந்த ஒன்றை மூன்றாவது பாட்டிலேயே நிறுத்தினேன்.

"ஏங்க, இவன் சும்மா கத்தறான். அவளுக்கு ஆன மாதிரி இவனுக்கு ஒண்ணுமே ஆகல."

இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.