நாலு விரல் உயரம்

வண்டியைக் கிளப்புமுன் வேடியப்பன் குனிந்து, மலைக்கு ஆள் ஏற்றும் தன் ஜீப்பின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்க்கிறார். "இன்னாத்த பாக்குறேன்னு எனக்கே தெரியாதுங்க. பாக்கலேன்னா மனசு கேக்காது."

புதூர்நாட்டு மலைப்பாதையின் ஒரு வளைவில் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. போன மழைக்குப் பிறகு அது ஜீப்பின் ஆயில் தொட்டியைக் கிழித்துவிட்டது. லாரியில் கட்டித் திருப்பத்தூர் பட்டறைக்கு இழுத்துப்போன வேடியப்பன், மெக்கானிக் சேட்டுவிடம், "ஸ்பிரிங்குல பட்டை சேத்து நாலு வெரல் தூக்கிடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சேட்டு தன் விரலால் அளந்தார். சேட்டுவின் விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய்.

பாறை தோற்றது. ஆனால் மலையிறங்கித் தார்ச்சாலையைத் தொட்டதும் ஜீப் ஆடியது. "எதுருல பஸ் வந்தா, நான் ஸ்டேரிங்க புடிச்சேனா, அது என்னப் புடிச்சுதான்னே தெரியலீங்க." மலைக்கு மாட்டு வைத்தியம் பார்க்கப் போகும் நான்தான் அந்த உயரத்தை முதலில் 'கம்பீரம்' என்று புகழ்ந்தவன். அன்றே மேல்கம்பியில் மண்டை இடித்தது. புகழுரையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பிறகு சேட்டு ஒரு பட்டையைக் கழற்றினார். பாறையும் இடிக்கவில்லை, ரோட்டிலும் ஆட்டம் அடங்கியது. அடங்காதவர் கெங்கம்மாள் ஒருவர்தான். புளி விற்கப் போகும் அந்த அம்மாள், உயரம் கூடிய முதல் நாளே ஏறும்போது வழுக்கி, கூடையோடு விழுந்தார். ஊரே சிரித்தது. "இனிமே உன் வண்டிய தொட மாட்டேன்" என்றார். அவர் ஏறாத வண்டியில் மற்ற பெண்களும் ஏறமாட்டார்கள். எல்லோரும் ரங்கசாமியின் ஜீப்புக்குப் போய்விட்டார்கள். வேடியப்பனின் பிழைப்பு படுத்துவிட்டது.

"காலி வண்டிக்கு எந்த ஒசரமும் சரியாத்தாங்க கீது" என்று அவரே சிரிக்கிறார். கண் சிரிப்பதில்லை.

இன்று சந்தை நாள். ரங்கசாமியின் ஜீப் இன்னும் வரவில்லை. கூடையோடு நின்ற கெங்கம்மாள் வேடியப்பனின் ஜீப்பை ஓரக்கண்ணால் அளந்தார்.

"இன்னும் ஒசரமாத்தான் கீது."

வேடியப்பன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். மறுகாலின் தொடையைத் துண்டால் தட்டிவிட்டார்.

"இத்தயும் சேத்து அளந்து பாருக்கா."

கெங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தொடையில் கால் வைத்து ஏறினார். பின்னாலேயே செல்லி, மங்கம்மாள், மற்றவர்கள். கடைசியாக நானும் வெட்கமில்லாமல் செருப்பைக் கழற்றினேன். வேடியப்பன் என் தொந்தியை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை நாலாக மடித்துத் தொடைமேல் போட்டுக்கொண்டார்.