சூடான மூலை

தென்கொரியாவின் தேகு நகரத்து மலைச்சரிவில் குடியிருந்த ஒக்புன், பத்து வருடமாக அந்த வீட்டுக்குக் கரிக்கட்டிகளை மேடேற்றிச் சுமந்தவள். ஆனால் அடுப்பையொட்டி, தரைக்கடியில் ஓடும் கரிப்புகையால் தரை இதமாகச் சுடும் மூலையில் படுத்தவள் அவளுடைய ஓரகத்தி ஹேரன். கொழுந்தன் கல்யாணமான குளிர்காலத்திலேயே மாமியார் அதைச் சின்ன மருமகளுக்குக் கொடுத்துவிட்டாள். பெரியவளுக்கு ஜன்னலோரம். புருஷன்மார் இருவரும் சவூதிக்கு ரோடு போடப் போனபின், கரியை மிச்சம் பிடிக்க மருமகள்கள் ஒரே அறையில் படுத்தார்கள். ஹேரனின் குறட்டைகூடச் சுகமாகக் கேட்பதாக ஒக்புன்னுக்குப் படும்.

ஒருநாள் காலை ஒக்புன் தலை கனத்து எழுந்தாள். ஹேரனை உலுக்கியும் எழவில்லை. தரையில் வெடிப்பு விட்டு, கரியின் விஷவாயு வாசனை காட்டாமல் அறைக்குள் ஏறியிருந்தது. ஒக்புன்தான் அவளை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். ஓடிவந்த மாமியார், ஊரே நம்பும் வைத்தியமாக, முள்ளங்கி ஊறிய குளிர்ந்த நீரைச் சின்னவள் வாயில் ஊற்றினாள். இழுத்தவளுக்கு ஒரு வாய் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிந்துகொண்டார். மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாதாம். அந்த நீருக்கு விஷத்தை முறிக்கும் சக்தியும் கிடையாதாம். "ரத்தத்துல பிராணவாயுவோட இடத்தை இந்த வாயு பிடிச்சுக்கும். ஓயாம உழைக்கிற இதயம்தான் ரொம்பத் தவிச்சுப்போகும்" என்றார்.

ஆஸ்பத்திரிப் படியேறியதிலிருந்து ஒக்புன்னின் நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருந்தது. வாய் திறக்கவில்லை. சின்னவள் படுத்தால் பெரியவளுக்கும் வியாதி வந்துவிடும் என்று மாமியார் முன்பொருமுறை குத்திக் காட்டியிருந்தாள். இன்னொருமுறை அதைக் கேட்பதைவிட வலியே மேல்.

கண் விழித்த ஹேரன் பிராணவாயு முகமூடியை விலக்கினாள்.

"டாக்டர், எங்க அக்காவைப் பாருங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"அவளுக்கென்ன, கல்லாட்டம் இருக்கா" என்றாள் மாமியார்.

ஈசிஜி வேறு விதமாகச் சொன்னது. மயங்கவில்லை என்பதால் தப்பிவிட்டதாக அர்த்தமில்லை. மூச்சுக்குத் தவித்த இதயத்தோடு ஓராளை இழுத்ததில் அடி இன்னும் பலம் என்றார் டாக்டர். அடுத்த கட்டிலிலேயே அவளுக்கும் முகமூடி மாட்டிப் படுக்கவைத்தார்கள். தன்னைக் காப்பாற்றிய பெயரையும் ஹேரனே தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று ஒக்புன்னுக்கு எரிந்தது.

"வீட்டுக்குப் போனதும் அந்த மூலை உங்களுக்குத்தான், அக்கா."

"வெடிச்ச பிறகு தர்றியாக்கும்."

ஹேரன் சிரித்தாள். ஒக்புன்னுக்கும் சிரிப்பு வந்தது, நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவள் கண், தன்னுடையதைவிட ஹேரனின் முகமூடிக் குழாயில் காற்று கொஞ்சம் வேகமாக வருகிறதோ என்று பார்த்துக்கொண்டேயிருந்தது.